அப்பாவின் நாடித்துடிப்பு தாளம் தவறுகிறது: பழக்கங்களை மாற்றினால் எனக்கு வராமல் இருக்குமா?

கேட்டவர்: கோத்தகிரி ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரிக்கு அருகே ஒரு ஹட்டியில், அதாவது மலைக் கிராமத்தில், வசிக்கிறேன். அரசுப் பள்ளி ஆசிரியர், வயது 47. சென்ற மாதம் என் தந்தையைக் கண்புரை அறுவைச் சிகிச்சைக்காக அழைத்துச் சென்றோம். அதற்கு முன் வழக்கமாக எடுக்கும் ஈசிஜியைப் பார்த்த மருத்துவர், இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டிருக்கின்றன என்றும், இதற்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று பெயர் என்றும் சொன்னார். அப்பாவுக்கு வயது 71. பத்து ஆண்டுகளாக ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். அவருக்குப் படபடப்பும் இல்லை, மயக்கமும் இல்லை, மூச்சுத் திணறலும் இல்லை. அன்று காலை கூட இரண்டு மூட்டை பச்சைத் தேயிலையைத் தோட்டத்திலிருந்து சாலை வரை தூக்கி வந்தவர் அவர்.

ரத்தம் உறையாமல் இருப்பதற்காக அபிக்சபான் மாத்திரையைக் காலையும் மாலையும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். "எனக்கு ஒன்றும் இல்லையே, எதற்கு இந்த மாத்திரை" என்று அப்பா இரண்டு முறை நிறுத்திவிட்டார். என் பெரியப்பா பக்கவாதத்தில் எட்டு ஆண்டுகள் படுக்கையில் இருந்து இறந்தவர். அவருக்கும் இதே கோளாறு இருந்து யாரும் கண்டுபிடிக்கவில்லையோ என்று இப்போது தோன்றுகிறது.

என்னைப் பற்றியும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உயரம் 168 சென்டிமீட்டர், எடை 86 கிலோ. ரத்த அழுத்தம் இருக்கிறது. ஒரு நாளைக்கு ஏழு கிளாஸ் தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை. சனிக்கிழமைகளில் நண்பர்களோடு மது அருந்துவதுண்டு. இரவில் பலமாகக் குறட்டை விடுவதாக மனைவி சொல்கிறார். நல்ல காற்று, ஏற்றமும் இறக்கமுமான நடை, தோட்டத்துக் காய்கறி என்று வாழும் மலைக்காரர்களுக்கு இதய நோய் எங்கே வரப்போகிறது என்று நம்பி வளர்ந்தவன் நான். இது பரம்பரையாக வருவதென்றால் பழக்கங்களை மாற்றி என்ன பயன்? மாற்றினால் பயன் உண்டென்றால் எதை முதலில் மாற்ற வேண்டும்? தேநீரை நிறுத்திவிட வேண்டுமா? விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: குன்னூர் செவிலியர், பணி ஓய்வு

தம்பி, முதலில் அப்பாவின் மாத்திரையைப் பற்றிப் பேசிவிடுவோம், ஏனெனில் அதுதான் இன்றே தீர்க்க வேண்டியது. மேலறைகள் நடுங்கும்போது ரத்தம் முழுவதுமாக வெளியேறாமல், இடது மேலறையின் ஓரத்தில் சிறிய பை போல இருக்கும் பகுதியில் தேங்குகிறது. தேங்கிய ரத்தம் உறைந்து கட்டியாகி, அங்கிருந்து புறப்பட்டு மூளைக்குச் செல்லும் குழாயை அடைத்தால் அதுவே பக்கவாதம். இந்தக் கோளாறு உள்ளவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு. படபடப்பு தெரிகிறதா இல்லையா என்பதற்கும் கட்டி உண்டாவதற்கும் தொடர்பு இல்லை. 71 வயதும் ரத்த அழுத்தமும் சேர்ந்து இருப்பதால்தான் அந்த மாத்திரை எழுதப்பட்டிருக்கிறது. அபிக்சபான் உடலில் நீண்ட நேரம் தங்குவதில்லை, ஒரு நாள் விட்டாலே பாதுகாப்பு போய்விடும். அதனால் காலைச் சிற்றுண்டித் தட்டின் அருகிலும் இரவுச் சாப்பாட்டுத் தட்டின் அருகிலும் நீங்களே மாத்திரையை எடுத்து வையுங்கள். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம், தாமாக நிறுத்தக் கூடாது.

அடுத்து, நாடி பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடம் உட்கார்ந்து ஓய்வெடுத்த பிறகு, உள்ளங்கையை மேலே திருப்பி வைத்து, கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டின் ஓரத்தில் மற்றொரு கையின் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் மெதுவாக அழுத்துங்கள். கட்டைவிரலால் பார்க்கக் கூடாது, அதன் துடிப்பே உங்களைக் குழப்பிவிடும். ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். எண்ணிக்கையைவிட இடைவெளியில்தான் கவனம் இருக்க வேண்டும். சரியாக மூடாத குழாயிலிருந்து விழும் சொட்டு ஒரே இடைவெளியில் விழும், நல்ல நாடி அப்படி இருக்கும். மழை விட்ட பிறகு சில்வர் ஓக் மரத்திலிருந்து தகரக் கூரையில் சொட்டுமே, இரண்டு சொட்டு சேர்ந்து விழும், ஒன்று தயங்கும், பிறகு மூன்று விரைந்து விழும், எந்தக் கணக்கிலும் அடங்காது. உங்கள் அப்பாவின் மணிக்கட்டில் விரலை வைத்தால் அதுதான் கிடைக்கும். ஒருமுறை அதை உணர்ந்துவிட்டால் பிறகு மறக்கவே மாட்டீர்கள். அப்போதைக்கப்போது ஒரு துடிப்பு விட்டுப்போவது பலருக்கும் இருப்பதுதான். துடிப்பு முழுவதுமே தாறுமாறாக இருந்தால் அன்றே ஈசிஜி எடுக்க வேண்டும்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் வீடு தேடி வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். உங்கள் ஹட்டிக்கு வரும்போது 65 வயதைக் கடந்த எல்லோருக்கும் நாடியையும் ஒரு நிமிடம் பிடித்துப் பார்க்கும்படி கேளுங்கள், செலவில்லாத வேலை. நான் பணியில் இருந்த காலத்தில், கையில் தீப்பட்ட காயத்துக்கு மருந்து போட வந்த ஒரு பாட்டியின் நாடியைப் பிடித்த போதுதான் அவருடைய கோளாறு வெளிப்பட்டது.

இன்னும் இரண்டு சோதனைகள் அப்பாவுக்கு ஆகிவிட்டனவா என்று பாருங்கள்: தைராய்டு ரத்தப் பரிசோதனை, இதயத்தை ஒலி அலையால் படம் பிடித்துப் பார்க்கும் எக்கோ. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே கோளாறு வரும். சிறுவயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து இதய வால்வு சுருங்கியவர்கள் நம் நாட்டில் இன்னும் இருக்கிறார்கள். அப்படி வால்வு கடுமையாகச் சுருங்கியிருந்தால் மாத்திரையே வேறாகிவிடும், அவர்களுக்கு வார்ஃபரின்தான் கொடுப்பார்கள்.

பதில் 2: சிறு தேயிலை விவசாயி

ஆசிரியர் ஐயா, உங்கள் கேள்வியைப் படித்தபோது ஆறு ஆண்டுகளுக்கு முன் நான் எழுதியதைப் போலவே இருந்தது. எனக்கு அப்போது வயது 51, எடை 92 கிலோ. ஒரு திருமணத்துக்குப் போய், மூன்று நாள் குடித்து, நான்காம் நாள் விடியற்காலையில் நெஞ்சுக்குள் கோழிக்குஞ்சு ஒன்று சிறகடிப்பதைப் போல எழுந்து உட்கார்ந்தேன். குளிர் காலம், வெளியே புல் முழுவதும் உறைபனி, எனக்கோ வேர்த்துக் கொட்டியது. முதலில் காட்டிய இடத்தில் வாயுத் தொல்லை என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் மலையிறங்கி மேட்டுப்பாளையம் போய் ஈசிஜி எடுத்த பிறகுதான் என்னவென்று தெரிந்தது. ஒரு நாள் வீணாகிவிட்டதே என்று இன்றும் மனம் ஆறவில்லை.

மருந்தால் துடிப்பு சீரானது. ஆனால் அந்த ஆண்டிலேயே நான்கு முறை திரும்ப வந்தது. மலைக்காரனுக்கு இது வராது என்று நீங்கள் நம்பியதைப் போலத்தான் நானும் நம்பினேன். உட்கார்ந்து யோசித்தபோதுதான் புரிந்தது, என் அப்பாவின் மலை வாழ்க்கை வேறு, என்னுடையது வேறு. அவர் தொழிற்சாலைக்கும் சந்தைக்கும் நடந்தே போனார், ராகிக் களியும் கீரையும் அவரையும் சாப்பிட்டார். நான் ஏற்றத்துக்கு ஜீப், இறக்கத்துக்கு பைக். ஆட்களை வைத்து இலை பறிக்கிறேன், மேட்டில் நின்று பார்க்கிறேன். மூன்று வேளையும் வெள்ளை அரிசி. நாலு மணிக்குத் தேநீரோடு வர்க்கி. வர்க்கியைக் கையால் உடைத்தால் விரலில் ஒட்டுகிற அந்தப் பளபளப்பை இத்தனை ஆண்டு ருசியாகத்தான் பார்த்திருந்தேன். மைதாவும் வனஸ்பதியும் சர்க்கரையும் சேர்ந்த பண்டம் அது. நம் ஊர்ப் பெருமைதான், 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது, ஆனால் தினமும் நாலைந்து சாப்பிட உகந்தது இல்லை.

முதலில் குடியை நிறுத்தினேன். இந்த மலையில் குடிப்பவர்கள் எல்லோரும் குளிருக்காக என்றுதான் சொல்வோம். மது உள்ளே போனால் தோலுக்கடியில் ரத்தக் குழாய்கள் விரிந்து, உடம்புச் சூடு வெளியேறிவிடுகிறது என்று மருத்துவர் விளக்கிய பிறகு அந்தச் சாக்கும் போனது. பிறகு வர்க்கியை ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் என்று ஒதுக்கினேன். தினமும் காலையில் 40 நிமிடம் ஏற்றத்தில் நடக்கிறேன், பேச முடிகிற வேகம், ஆனால் பாட முடியாத வேகம். எடை 81 கிலோவுக்கு வர ஒன்றரை ஆண்டு ஆனது. மூன்றாம் ஆண்டில் அறுவடை நன்றாக இருந்த மகிழ்ச்சியில் எல்லாவற்றையும் கைவிட்டு மீண்டும் 88 ஆனபோது, துடிப்பு திரும்ப வந்தது. இப்போது 82. கடைசியாக வந்து இரண்டு ஆண்டுகளும் நான்கு மாதங்களும் ஆகின்றன. மாத்திரைகளை இன்னும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

உங்கள் குறட்டையை லேசாக விட்டுவிடாதீர்கள். நான் தூக்கத்தில் மூச்சை நிறுத்தி நிறுத்தி விடுவதை என் மனைவி கவனித்துச் சொன்னார். கோவையில் ஓரிரவு தங்கித் தூக்கப் பரிசோதனை செய்துகொண்டேன். இப்போது மூக்கில் முகமூடி மாட்டும் கருவியோடு தூங்குகிறேன். முதல் மாதம் கொடுமையாக இருந்தது. பகலில் தலை கனக்காமல் இருப்பது எப்படி இருக்கும் என்பதையே மறந்திருந்தேன் என்று அதன் பிறகுதான் தெரிந்தது.

பதில் 3: வெலிங்டன் ஓட்டக்காரர்

மேலே இருவரும் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் நல்ல பழக்கம் இருந்தால் இது வராது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு வயது 52, எடை 61 கிலோ, மதுவும் புகையும் தொட்டதில்லை. 25 ஆண்டுகளாக வெலிங்டன், குன்னூர், கோத்தகிரிச் சாலைகளில் நெடுந்தூரம் ஓடியவன். எனக்கும் இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வந்தது. கேள்விப்பட்டவர்கள் எல்லோரும் நான் ஏதோ ரகசியமாகத் தவறு செய்ததைப் போலப் பார்த்தார்கள், அதுதான் நோயைவிட வலித்தது. மிகையான ஓட்டமும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று என் மருத்துவர் சொன்னபோது நம்ப முடியவில்லை. இது உண்மையா என்று விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில் 4: ஊட்டி பொதுநல மருத்துவர்

ஓட்டக்காரர் கேட்டதிலிருந்தே தொடங்குகிறேன். சுவீடனில் வாசாலோப்பெட் என்ற 90 கிலோமீட்டர் பனிச்சறுக்குப் போட்டியில் கலந்துகொண்ட 50,000க்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்து, 2013இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதிக முறை போட்டியை முடித்தவர்களுக்கும், வேகமாக முடித்தவர்களுக்கும் இதயத் தாளக் கோளாறு கூடுதலாகக் காணப்பட்டது. பல ஆண்டுகள் கடுமையாக ஓடும்போது மேலறைகள் விரிவடைவது இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. எனவே உங்கள் மருத்துவர் சொன்னதில் தவறில்லை, நீங்கள் எந்தக் குற்றமும் செய்யவில்லை. ஆனால் இந்தச் செய்தியைக் கேட்டு, நடக்காமல் உட்கார்ந்திருப்பவர்கள் ஆறுதல் அடைய இடமில்லை. சோம்பி இருப்பதைவிட மிதமான உடற்பயிற்சி இந்தக் கோளாறைக் குறைக்கிறது. ஏற்கெனவே கோளாறு உள்ளவர்கள் வாரத்துக்கு 210 நிமிடம் உடற்பயிற்சி செய்வதை இலக்காகக் கொள்ளலாம் என்பது 2023இல் வெளியான அமெரிக்க வழிகாட்டுதல். நாளொன்றுக்கு அரை மணி நேரம்தான் வருகிறது.

ஆசிரியர் கேட்டதற்கு வருகிறேன். பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைகளுக்கு வாய்ப்பு கூடுகிறது என்பது உண்மை. ஆனால் பரம்பரை உங்களுக்குக் கொடுத்தது விதைதான் என்று வைத்துக்கொண்டால், அது முளைப்பதற்கான ஈரமாக இருப்பவை ரத்த அழுத்தமும் உடல் எடையும் மதுவும் தூக்கத்தில் மூச்சு அடைபடுவதும் சர்க்கரை நோயும் புகையும். இந்த ஈரத்தில் பெரும்பகுதி உங்கள் கையில் இருக்கிறது.

எடையைப் பற்றி ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் நடந்த ஓர் ஆய்வு என்னுடைய மருத்துவ முறையையே மாற்றியது. உடல் பருமனும் இந்தக் கோளாறும் உள்ள 355 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து, 2015இல் முடிவை வெளியிட்டார்கள். உடல் எடையில் 10 விழுக்காடோ அதற்கு மேலோ குறைத்தவர்கள், தாளக் கோளாறு இல்லாமல் இருப்பதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிட ஆறு மடங்கு அதிகமாக இருந்தது. அதே ஆய்வில், 5 விழுக்காட்டுக்கு மேல் எடை ஏறி இறங்கியவர்களுக்கு அந்தப் பலன் ஓரளவு கெட்டுப்போனது. தேயிலை விவசாயி தன் மூன்றாம் ஆண்டைப் பற்றி எழுதியிருப்பது இதற்கு அப்படியே பொருந்துகிறது. ஆசிரியர் ஐயா, உங்கள் உயரத்துக்கு 86 கிலோ என்றால் உடல் நிறை எண் 30ஐத் தாண்டுகிறது. நம்மைப் போன்ற ஆசியர்களுக்கு 23க்கு மேலேயே எச்சரிக்கை வேண்டும். உங்களுக்குக் கோளாறு இன்னும் வரவில்லை என்பதால் அந்த ஆய்வு உங்களைப் பற்றியது இல்லைதான், இருந்தாலும் எட்டு அல்லது ஒன்பது கிலோ குறைப்பதை இரண்டு ஆண்டு வேலையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மதுவைப் பற்றி 2020இல் வெளியான ஆய்வும் ஆஸ்திரேலியாவில் நடந்ததே. வாரத்துக்குப் பத்து கோப்பை மதுவுக்குக் குறையாமல் குடித்துவந்த, இந்தக் கோளாறு உள்ள 140 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினரை நிறுத்தச் சொன்னார்கள். ஆறு மாதத்தில் கோளாறு திரும்ப வந்தது, நிறுத்தியவர்களில் 53 விழுக்காட்டினருக்கும், தொடர்ந்து குடித்தவர்களில் 73 விழுக்காட்டினருக்கும். விடுமுறைக் குடிக்குப் பிறகு இதயம் தாளம் தவறி வருபவர்களை 1978லேயே மருத்துவ உலகம் தனியாகப் பெயரிட்டு அடையாளம் கண்டது. சனிக்கிழமை மட்டும் என்பது பாதுகாப்பான கணக்கு இல்லை, ஏனெனில் ஒரே நாளில் மொத்தமாகக் குடிப்பதே ஒரு தூண்டுதல்.

தேநீரை நிறுத்த வேண்டியதில்லை. காபியும் தேநீரும் படபடப்பைக் கூட்டும் என்று சொல்லி நாங்கள் மருத்துவர்களே பல ஆண்டுகள் பலரை வருத்தியிருக்கிறோம். 2025இல் வெளியான ஓர் ஆய்வில், மின் அதிர்வு கொடுத்துத் துடிப்பைச் சீராக்கவிருந்த 200 காபி அருந்துவோரைப் பிரித்துப் பார்த்தபோது, தினமும் ஒரு கோப்பையாவது காபி குடித்தவர்களில் 47 விழுக்காட்டினருக்கும், நிறுத்தியவர்களில் 64 விழுக்காட்டினருக்கும் கோளாறு திரும்பியது. ஒருவருக்குக் குடித்தவுடன் படபடக்கிறது என்றால் அவர் குறைத்துக்கொள்ளட்டும். உங்கள் ஏழு கிளாஸில் எனக்குக் கவலை தருவது தேயிலை இல்லை, பதினான்கு கரண்டி சர்க்கரை. நாளொன்றுக்கு ஏறத்தாழ 60 கிராம் உள்ளே போகிறது. வாரத்துக்கு அரைக் கரண்டி வீதம் குறைத்தால் நாக்கு பழகிவிடும்.

எல்லாவற்றிலும் முதலாவது எது என்று கேட்டால் ரத்த அழுத்தம் என்பேன், அதைத் தான் நம் மலையில் குறைவாக மதிக்கிறார்கள். குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்குவதால் மார்கழி, தை மாதங்களில் பலருக்கு அழுத்தம் ஏறுகிறது. கோடையில் எடுத்த அளவை வைத்துக்கொண்டு குளிர்காலத்தில் நிம்மதியாக இருக்கக் கூடாது. உப்பு நாளொன்றுக்கு ஐந்து கிராம், அதாவது சமமாக ஒரு சிறு கரண்டி. ஊறுகாயும் கருவாடும் மிக்சரும் அந்தக் கணக்கில் அடங்கும். புகையைப் பற்றித் தனியாகச் சொல்ல ஒன்றும் இல்லை, நிறுத்த வேண்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். எடை குறைந்து, மது நின்று, துடிப்பு சீராகிவிட்டாலும் ரத்தம் உறையாமைக்கான மாத்திரையை நிறுத்துவதா என்பதைத் துடிப்பை வைத்து முடிவு செய்வதில்லை. வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், முன்பு பக்கவாதம் வந்திருக்கிறதா என்பவற்றைக் கூட்டிப் பார்த்தே முடிவு செய்கிறோம். பழக்கங்களை மாற்றியவர்களில் சிலர், நாம்தான் தேறிவிட்டோமே என்று மாத்திரையை விட்டுவிட்டு, வாய் கோணியபடி வந்து நிற்பதைப் பார்க்கும் வேதனை எனக்குப் போதும்.

மீண்டும் கேட்டவர்: கோத்தகிரி ஆசிரியர்

நால்வருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. நேற்றிரவு செவிலியர் அம்மா சொன்னபடி அப்பாவின் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்துப் பார்த்தேன். அந்தத் தகரக் கூரைச் சொட்டு அப்படியே இருந்தது. பிறகு அவருடைய விரல்களை எடுத்து முதலில் என் மணிக்கட்டிலும், அடுத்து அவருடைய மணிக்கட்டிலும் வைத்தேன். வெகுநேரம் ஒன்றும் பேசாமல் இருந்தார். "உன்னுடையது நடக்கிறது, என்னுடையது தடுமாறுகிறது" என்றார். இன்று காலை நான் எடுத்து வைப்பதற்கு முன்பே மாத்திரையைச் சாப்பிட்டிருந்தார். பெரியப்பாவின் பெயரை நான் எடுக்கவில்லை, அவரே எடுத்தார்.

எனக்கு ரத்த அழுத்தம் 152க்கு 94 இருந்தது, மாத்திரையின் அளவை மாற்றியிருக்கிறார்கள். தூக்கப் பரிசோதனைக்குக் கோவையில் பெயர் பதிந்துவிட்டேன். சனிக்கிழமை நண்பர்களிடம் இன்னும் சொல்லவில்லை. இரண்டு ஐயங்கள் மட்டும் இருக்கின்றன. அப்பா மூட்டை தூக்கலாமா? கையில் கட்டும் ஸ்மார்ட் கடிகாரம் வாங்கினால் பயன் உண்டா?

பதில் 5: ஊட்டி பொதுநல மருத்துவர்

எக்கோவைப் பார்த்த மருத்துவர் தடை சொல்லவில்லை என்றால் தோட்ட வேலையை நிறுத்த வேண்டியதில்லை. மூட்டையைப் பாதியாக்கி இரண்டு நடையாகத் தூக்கட்டும். கவாத்துக் கத்தி பிடிக்கும்போது கவனம் வேண்டும், இந்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு வெட்டுக் காயத்தில் ரத்தம் நிற்க நேரம் பிடிக்கும். கை மூட்டு வலிக்கு மருந்துக் கடையில் தாமாக வலி மாத்திரை வாங்கிச் சாப்பிடவும் கூடாது, இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியலாம்.

ஈசிஜி எடுக்கும் வசதியுள்ள கடிகாரம் சந்தேகத்தை எழுப்ப உதவும், உறுதி செய்ய ஈசிஜியை மருத்துவர் பார்த்தாக வேண்டும். உங்களுக்கு வாங்க வசதி இருந்தால் வாங்குங்கள், இல்லாவிட்டால் மூன்று விரல்களும் ஒரு நிமிடமும் போதும்.

பதில் 6: குன்னூர் செவிலியர், பணி ஓய்வு

இதையும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள், தம்பி. அப்பாவுக்குத் திடீரென்று வாய் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தூக்க முடியாமல் போனாலோ, பேச்சு குழறினாலோ, விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உடனே 108ஐ அழையுங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும், நம் மலைப்பாதையில் பனிமூட்டம் இருந்தால் கீழே இறங்கவே அதில் பெரும்பகுதி போய்விடும். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்ற நேரத்தையும், அபிக்சபான் சாப்பிடுகிறார் என்பதையும், கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு என்பதையும் கேட்டவுடன் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அவர் சட்டைப் பையில் மாத்திரைப் பெயர் எழுதிய ஒரு சீட்டு எப்போதும் இருக்கட்டும்.